அரைத் திருகு

முதலில் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச விடுவோம் என்றீர்கள். நல்ல ஏற்பாடு. வயதானவர்களைக் கேள்வி கேட்கும்போது பாதியில் அவர்கள் சாய்ந்துவிட்டால் எழுதுகிறவருக்குத்தான் சிரமம். நர்ஸ் வந்தாள், பட்டையைச் சுற்றினாள், நூற்றிருபதுக்கு எண்பது என்றாள். விசாரிக்க வந்த நீங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். என் வெள்ளை அங்கிக்கு இடது கை இல்லாததையும் பார்த்தீர்கள். பட்டை சுற்ற அது வசதியாகத்தான் இருந்தது. ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். சம்பளப் பதிவேட்டில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் எல்லோரும் கூப்பிடுவது கரிக்கை என்றுதான். கரியோடு வேலை, என்ன சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கொஞ்சம் தங்கிவிடும். ஓரத்தில் எழுதிக்கொண்டிருப்பவருக்கு இது புரியாது. நடுவில் இருக்கும் டாக்டருக்குப் புரியும். எழுதுகிறவருக்காகச் சொல்கிறேன்.

வழுவழுப்பான தாளை ஓர் உருளையில் சுற்றி, மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கருப்பாக்க வேண்டும். உருளை மெதுவாகச் சுழலும். ஓர் ஊசிமுனை கரியைச் சுரண்டிக்கொண்டே போகும், வெள்ளைக் கோடு விழும். அந்த ஊசியை ஆட்டுவது யார் என்பதுதான் விஷயம். எலியின் கருப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, வெதுவெதுப்பான உப்பு நீரில் நூல் கட்டித் தொங்கவிட்டால், உடம்பை விட்டு வந்த பிறகும் அது மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். நூலின் மறுமுனை ஒரு நெம்புகோலில். துண்டு சுருங்கினால் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். முந்தின நாளே எலிக்கு ஈஸ்ட்ரோஜன் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூப்பிட்ட குரலுக்கு வராது. ஆக்ஸிடோசின் ஒரு சொட்டு விட்டால் விருட்டென்று எழுந்து நிற்கும். அட்ரினலின் விட்டால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதிரி படுத்துவிடும். என் வீட்டில் இருந்தவர்கள் யாரும் இவ்வளவு சொன்னபடி கேட்டதில்லை.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கோடு விழுந்ததும், தாளை உருளையிலிருந்து எடுப்பதற்கு முன்பே குண்டூசி முனையால் கரியில் எழுதிவிட வேண்டும். தேதி, எந்தப் பிராணி, என்ன மருந்து, எவ்வளவு, எந்த இடத்தில் விட்டது. அதற்கப்புறம்தான் வார்னிஷில் தோய்த்துக் காயப்போடுவது. காய்ந்தபின் அழிக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. எழுதாத தாள் தாளே இல்லை என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். நான் ஒரு தாளைக்கூட எழுதாமல் எடுத்ததில்லை. இந்த ஒழுங்குதான் என்னை இங்கே உட்காரவைத்திருக்கிறது. கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் உங்களால் என்னைப் பிடித்திருக்க முடியாது.

ஆரம்பம் ஒரு நல்ல காரியத்தில்தான். செய்முறைத் தேர்வன்று ஏதாவது ஒரு பையன் வியர்த்துப்போய் நிற்பான்.

“அக்கா, காலையிலேருந்து இது அசையவே மாட்டேங்குது. மூணாவது எலி அக்கா. ஃபெயிலாயிடுவேன்.”

“எலிக்கு உன் மூஞ்சியப் பாத்தா பயமா இருக்கும். போ, கழுவிட்டு வா.”

அவன் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் என் நகநுனி நெம்புகோலை இரண்டு தட்டுத் தட்டியிருக்கும். ஏறி, நின்று, இறங்கும் அழகான ஆக்ஸிடோசின் கோடு. பாடப்புத்தகத்தில்கூட அப்படி இருக்காது. இந்த ஊர் டாக்டர்களில் கால்வாசிப் பேர் என் நகத்தால் தேறியவர்கள். நடுவில் இருக்கும் டாக்டர் ஏன் இப்போது தண்ணீர் குடிக்கிறார் என்று மறு ஓரத்தில் இருக்கும் அந்த அம்மா யோசிக்க வேண்டாம். அவருக்கு அன்று நான்காவது எலி. எழுதுகிறவர் இந்த வரியை விட்டுவிடலாம்.

இனி சாரைப் பற்றி. எங்கள் பேராசிரியரை நான் வேறு எப்படியும் அழைத்ததில்லை. ஒரே மருந்தைப் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தவர். பிரசவம் முடிந்ததும் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் நிற்காது. அதற்கு இருந்த பழைய ஊசிகளில் ஒன்று கருப்பையோடு ரத்தக் குழாய்களையும் சேர்த்து இறுக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆக்ஸிடோசின் அழுத்தத்தை ஏற்றாது, ஆனால் அதைக் குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் அது மருந்தே இல்லை. கருப்பையை மட்டும் பிடித்து, ரத்தக் குழாயைத் தொடாமல், அலமாரியில் சும்மா கிடந்தாலும் கெடாத ஒன்று வேண்டும். அதுதான் சாரின் கனவு. பதினாறு பொடிகள் தோற்றுப்போயின. அடுத்ததற்குப் பெயர்கூட வைக்கவில்லை. பதினேழு என்றே சொன்னோம்.

பதினேழைக் காலையில் கருப்பைத் துண்டில் விட்டபோது அது சுருங்கிய வேகத்தில் நூல் அறுந்துவிடும் போலிருந்தது. சார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அன்று புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். காலரின் பின்னால் கடை அட்டையை எடுக்க மறந்திருந்தார்.

மதியம் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மயக்கத்தில் கிடக்கும் பூனையின் கழுத்து ரத்தக் குழாயிலிருந்து ஒரு ரப்பர் குழாய் பாதரசத்துக்குப் போகும். பாதரசம் ஏறினால் அதன் மேல் மிதக்கும் ஊசியும் ஏறும். ரப்பர் குழாயின் நடுவே ஒரு கவ்வி, அதில் ஒரு திருகு; திருகினால் குழாய் நெரிந்து அழுத்தம் பாதரசத்துக்கு முழுதாகப் போகாது. அவ்வளவுதான் சாமான்கள்.

சாருக்கு முதல்வர் அறையிலிருந்து ஃபோன் வந்தது. “நீயே மருந்த விட்டுடு கரிக்கை, இதோ வந்துடறேன்” என்று போனார்.

விட்டேன். கோடு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. தாளின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு சற்று நேரம் நின்று, மனமில்லாமல் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு வருடம், பதினாறு பொடி, ஒரு புதுச் சட்டை. என் மனதில் ஓடியது இவ்வளவுதான். குண்டூசியால் தேதியும் மருந்தும் அளவும் எழுதினேன், தாளை எடுத்து வார்னிஷில் தோய்த்து மற்ற தாள்களுக்குப் பின்னால் காயப்போட்டேன். புதுத் தாள் சுற்றினேன். கவ்வியின் திருகைப் பிடித்து அரைச் சுற்றுத் திருப்பினேன். முழுதாக அடைத்தால் கோடு செத்துப்போகும், யாருக்கும் தெரிந்துவிடும். அரைத் திருகு போதும். மறுபடி மருந்து விட்டேன். கோடு இஸ்திரி போட்ட மாதிரி நேராகப் போனது.

சார் ஓடி வந்தார். “அசையவே இல்லையே. மருந்து விட்டியா இல்லையா?”

“விட்டேன் சார். இதோ, இந்த இடத்துல.”

கரியில் கீறியிருந்த அம்புக்குறியைக் காட்டினேன். அது பொய்யில்லை. விட்டேன்தானே. அவர் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் கத்தரிக்கோலை எடுத்து, பின்னால் போய், அந்தக் கடை அட்டையை வெட்டி எடுத்தேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. முப்பத்தொரு வருடத்தில் நான் மிகவும் நிம்மதியாக இருந்த நிமிஷம் அதுதான்.

அந்த அம்மா கேட்டார்கள், எது உங்களை அப்படிச் செய்ய வைத்தது என்று. நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு மேடு பள்ளம் பிடிக்காது. என் கணவர் உயிரோடு இருந்தவரை வீட்டில் குரல் உயர்ந்ததே இல்லை. அவருடைய அம்மா சொன்னதை அவரிடம் பாதியாகச் சொல்வேன், அவர் சொன்னதை அம்மாவிடம் கால்வாசியாகச் சொல்வேன். பொய் இல்லை. கொஞ்சம் திருகுவது. ‘எவ்வளவு ஒத்துமையான குடும்பம்’ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். ஒற்றுமை என்பது யாரோ ஒருத்தி விடாமல் கவ்வியைப் பிடித்துக்கொண்டிருப்பது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

ஒரு முறை செய்ததை மறுமுறையும் செய்துதானே ஆக வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு தாள். உண்மைத் தாள் ஒன்று, சாருக்கு ஒன்று. அப்படி இருபத்தொரு உண்மைத் தாள்கள் சேர்ந்தன. எரித்திருக்கலாமே என்றால், நல்ல தாளை யாராவது எரிப்பார்களா. வார்னிஷ் அடித்த தாளில் எண்ணெய் ஊறாது, எறும்பு ஏறாது. என் சமையலறை அலமாரியில் தட்டுக்குத் தட்டு விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கினேன். மிளகுக்குக் கீழே ஒரு மலை, பருப்புக்குக் கீழே ஒரு மலை. தூசி தட்டும்போது மட்டும் கண்ணில் படும்.

பதினேழு தொடங்கிய இரண்டாவது வருடம் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்து சேர்ந்தாள். எதற்கெடுத்தாலும் ‘ஒரு சந்தேகம்’ என்று ஆரம்பிப்பாள், அதனால் சந்தேகம் என்றே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. நான் பல் பிடுங்க விடுப்பு எடுத்த அன்று அவளே தனியாகப் பதினேழை விட்டுப் பார்த்திருக்கிறாள். மறுநாள் தாளோடு வந்து நின்றாள்.

“அக்கா, ஒரு சந்தேகம். எனக்கு மட்டும் பிரஷர் இப்படி ஏறுது.”

வீங்கின கன்னத்தோடு நான் தாளைப் பார்த்தேன். என் மலைகளின் சொந்தத் தங்கை மாதிரி இருந்தது.

“மயக்க மருந்து எவ்வளவு குடுத்தே?”

“எப்பவும் குடுக்கறதுதான்...”

“பத்தியிருக்காது. அதுக்கு வலிச்சிருக்கு. வலிச்சா பிரஷர் ஏறாம என்ன செய்யும்? வாயில்லாத ஜீவன். சார்கிட்ட இதக் காட்டினா என்ன சொல்வார்னு யோசிச்சுப் பாரு.”

அவள் கண் நிறைந்துவிட்டது. ஒரு பிராணியை வலியில் வைத்துவிட்டோம் என்று அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தாளைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள். அவளும் ஒழுங்கானவள், குண்டூசியால் எல்லாம் எழுதியிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. எடுத்து வந்து சர்க்கரை டப்பாவுக்குக் கீழே விரித்தேன்.

சாரின் கட்டுரைகள் வந்தன. எங்கள் நேர்க்கோடுகளைப் பார்த்துப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். பக்கத்திலிருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியில், கையெழுத்துப் போட்டுச் சம்மதிக்கிற பெண்களுக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது. ரத்தம் டக்கென்று நின்றது. அது நிஜம், அதில் நான் கை வைக்கவே இல்லை. பலருக்குத் தலைவலி வந்தது. பிரசவக் களைப்பு என்று எழுதினார்கள். திடமான பெண்கள், தாங்கிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குப் பிரசவம். அதே ஆஸ்பத்திரி. தாழ்வாரத்தில் அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது நான் குனிந்து சொன்னேன்.

“பதினேழுன்னு ஒரு ஊசி போடலாமான்னு கையெழுத்துக் கேப்பாங்க. வேண்டாம்னுடு. பழைய ஊசியே போதும்னு சொல்லு.”

“ஏம்மா? அது உங்க சார் கண்டுபிடிச்சதுதானே. நீ வேலை பாத்ததுதானே.”

“அதனாலதான்டி சொல்றேன்.”

நிமிர்ந்தபோது, கையில் ஆஸ்பத்திரிக் கோப்புகளோடு சந்தேகம் நின்றுகொண்டிருந்தாள். எதற்கும் சந்தேகம் கேட்கிறவள் அன்று கேட்கவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

இனி என் அங்கியின் கை. கல்லூரிக்கு எதிரே ஒரு தையல் கடை. எங்கள் அங்கிகளையெல்லாம் தைப்பவள் அந்தத் தையல்காரிதான். புகைவிளக்கில் என் இடது கைத்துணி பொசுங்கிவிட்டது. பழைய கையை வெட்டிவிட்டுப் புதுசு வைத்துக் கொடு என்று கொண்டுபோனேன். பேத்தி பிறந்து மூன்று வாரம் இருக்கும். அவளுக்கும் நிறைமாதம். பாதம் வீங்கிச் செருப்பு ஏறாமல் வெறுங்காலோடு மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். மோதிரம் விரலில் இறுகிவிட்டதென்று எண்ணெய் போட்டுக் கழற்றி வைத்திருந்தாள். முகமும் உப்பியிருந்தது. எனக்கு அதைப் பார்க்க டாக்டர் பட்டம் தேவையில்லை.

வாயில் கடித்த நூலோடு கேட்டாள். “அக்கா, ஆஸ்பத்திரில புது ஊசியாம். உங்க சார் கண்டுபிடிச்சதாமே. போட்டுக்கலாமா?”

“எல்லாரும் போட்டுக்கறாங்க.”

“நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா போட்டுக்கறேன். பெரிய டாக்டருங்க சொல்றது எனக்கு எங்க புரியுது.”

“நல்லதுதான்” என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும், நீங்களே யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். கடைக்குப் பகலெல்லாம் நர்சுகள் வருவார்கள், போவார்கள். அவள் நல்லவள், ஆனால் அவள் வாயில் நூல் தங்கும், பேச்சுத் தங்காது. சாயந்திரத்துக்குள் சார் காதுக்குப் போயிருக்கும். அந்த வாரம்தான் சாருக்குப் பாராட்டு விழா. இன்னொரு புதுச் சட்டை எடுத்திருந்தார்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊசி போட்டார்கள். ரத்தம் நின்றது. ஒரு மணி நேரத்தில் தலை வெடிக்கிறது என்றாளாம், பிறகு வலிப்பு. மறுநாள் பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது. மூளைக்குள் ரத்தக் கசிவு. முதல்நாள் அழுத்தம் பார்த்து எழுதியதில் கொஞ்சம் அதிகம் என்று இருந்தது, ஆனால் பதினேழு அழுத்தத்தைத் தொடாது என்பதால் யாரும் தயங்கவில்லை. நம்பினார்கள். என் நேர்க்கோட்டை நம்பினார்கள் என்பதில் எனக்கு ஒரு... சரி, அது வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து என் அங்கியை வாங்கப் போனேன். அவள் கணவன் இருந்தான். குழந்தை வெட்டிய துணிகளின் குவியல்மேல் தூங்கிக்கொண்டிருந்தது.

“கை இன்னும் வைக்கலக்கா. வெட்டினதோட நிக்குது. வேற யாருகிட்டயாவது குடுத்து...”

“பரவாயில்லப்பா. அவ மாதிரி யார் தைப்பாங்க. இப்படியே இருக்கட்டும்.”

அவன் அழுதான். நான் சொன்னது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து இதை இப்படியேதான் போட்டுக்கொள்கிறேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். நான் வெளியே போயிருந்த ஒரு நாள் சந்தேகம் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள், குழந்தை பார்க்கிற சாக்கில். என் மகள் காப்பி போடச் சர்க்கரை டப்பாவை எடுத்திருக்கிறாள். கீழே கருப்புத் தாளில் வெள்ளை மலை. பக்கத்தில், சந்தேகத்தின் கையெழுத்து. அந்தப் பெண் காப்பியைத் தொடவில்லையாம். பருப்பு டப்பாவை நகர்த்தினாளாம், பிறகு மிளகு. அப்புறம் என் மகளே ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டு டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாளாம். இருபத்திரண்டு தாள், எல்லாவற்றிலும் தேதி, மருந்து, அளவு. டப்பாக்களைத் திரும்ப வைக்கும்போது வரிசை மாற்றி வைத்துவிட்டார்கள். உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டு நான் இரண்டு நாள் சமைத்தேன்.

சந்தேகம் கொண்டுபோன தாள்களைப் பார்த்த அன்றே பதினேழை நிறுத்தினார் சார். இரண்டு மாதமாக வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்கிறார்கள். கதவைத் தட்டிப் பார்த்தேன். “போயிடு கரிக்கை” என்று உள்ளிருந்து குரல் வந்தது. குரல் உயர்ந்துதான் இருந்தது.

மகள் ஒரே ஒரு முறை பேசினாள். “என்கிட்ட சொன்ன வார்த்தைய அவகிட்டயும் சொல்லியிருக்கலாமேம்மா. ஒரே ஒரு வார்த்தைதானே.”

“நீ என் பொண்ணுடி.”

“அவளும் யாரோ ஒருத்தர் பொண்ணுதானே.”

நான் குழந்தையின் துணியை மடித்தேன். அதற்கப்புறம் அவள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு இப்போது மிகவும் அமைதியாக இருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி என்று அந்த அம்மா சொன்னார்கள். தையல்காரி கேட்ட அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரியுமா, தெரியாதா. தெரியும். பதினேழு அழுத்தத்தை ஏற்றும் என்று தெரியும், அவள் அழுத்தம் ஏற்கெனவே ஏறியிருக்கிறது என்று அந்தப் பாதத்தைப் பார்த்தபோதே தெரியும். தெரிந்துதான் நல்லது என்றேன். திருகியதும் நான்தான், இருபத்தொரு முறையும். சாருக்குத் தெரியாது, மாணவிக்குத் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் மனசாட்சி உறுத்தவில்லையா என்று கேட்டீர்களே, அதற்கு நான் வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாய் எதையும் சொல்லும். உடம்பு பொய் சொல்லாது, என் வாழ்க்கை முழுக்க நான் பார்த்தது அதைத்தான். குற்றம் செய்த நெஞ்சு என்றால் பாதரசம் ஏறியிருக்கும். உங்கள் நர்சே வந்து, உங்கள் கண் முன்னாலேயே பார்த்தாள். நூற்றிருபதுக்கு எண்பது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. இதைவிடச் சுத்தமான சாட்சி யாரிடம் இருக்கிறது.

எழுதாத தாள் தாளே இல்லை என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு வருடமாகக் காலையில் பிரஷருக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறேன். இன்று இங்கே வரும் வழியில் இரண்டு போட்டுக்கொண்டேன். உங்களை ஏமாற்ற இல்லை. கோடு நேராக வரட்டுமே என்றுதான்.